சொல்லாமல் மறைத்த குறை

கொட்டிவாக்கம் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரு மருங்கிலும் இன்று வீடுகளும் கடைகளுமே. என்றாலும் மதுராந்தகம், செய்யூர்ப் பக்கங்களில் நிலம் வைத்திருப்போர் நம்மிடையே உண்டு. உழவு மாடுகள் அருகிவிட்டன. புதிய டிராக்டருக்கோ கை எட்டுவதில்லை. ஆகவே பழைய வண்டியும் பழைய ரோட்டவேட்டரும் தேடுகிறார்கள். சென்னையில் 1960-இல் தோன்றிய டாஃபே நிறுவனத்தின் வண்டிகள் பல கை மாறியும் இன்னும் உழுதுகொண்டிருக்கின்றன.

பழையதை விற்பதில் குற்றமில்லை. ஆனால் அதன் குறையை விற்பவர் எதுவரை சொல்ல வேண்டும்?

"அவர் கேட்கவில்லை, நாம் சொல்லவில்லை. இதில் பொய் எங்கே?" என்பார்கள். தேய்ந்த என்ஜினின் சத்தத்தை அடக்கக் கெட்டியான ஆயில் ஊற்றுவதும், விரிசலை வெல்டிங் வைத்துப் பெயிண்ட் பூசுவதும், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை ஆள் வருமுன்பே சூடாக்கி வைப்பதும் வாயால் சொன்ன பொய்யல்லதான். ஆனால், கையால் சொன்ன பொய் அல்லவா?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பேசக் கடமை இல்லாதபோது வெறும் மௌனம் மோசடியாகாது என்கிறது. நோயுள்ள குதிரையை ஏலத்தில் வாய் திறவாமல் விற்பவரை அது உதாரணமாகவும் காட்டுகிறது. நம் மார்க்கம் இங்கே நிற்கவில்லை. மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்துக் கண்டித்த செய்தியை நாம் அறிவோம். அந்த வியாபாரியும் பொய் எதுவும் பேசியிருக்கவில்லை.

"இருக்கிறபடி எடுத்துக்கொள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால்? ஹனஃபி மத்ஹபில் இந்த நிபந்தனை செல்லும். ஷாஃபிஈ மத்ஹபிலோ, தெரிந்தே மறைத்த குறைக்கு இது கேடயமாகாது. வியாபாரம் செல்லுபடியாவது வேறு, பாவத்திலிருந்து தப்புவது வேறு என்பதை இரு சாராரும் நினைவில் கொள்ள வேண்டும்.

குறை என்பது எது? வழக்கத்தில் விலையைக் குறைக்கக்கூடியதே குறை. கண்ணுக்குத் தெரியும் டயர்த் தேய்மானத்தை ஒப்பிக்க வேண்டியதில்லை. கியர் பெட்டிக்குள் உடைந்திருக்கும் பல்லைச் சொல்லியாக வேண்டும்.

மெக்கானிக்குக்கும் தரகருக்கும் இதில் பங்குண்டு. ஒட்டகம் ஒன்று விலைபோனபோது, வாஸிலா (ரலி) அவர்கள் வாங்கியவரின் பின்னே சென்று அதன் கால் குறையை அறிவித்தார்கள். அவர்கள் அதை விற்றவரல்லர்; குறையை அறிந்தவர் மட்டுமே!

"உண்மை சொன்னால் விலை இறங்குமே, நாமும் ஏழைதானே" என்ற கவலை பொய்யல்ல. அந்தக் கவலையை நீக்கும் பொறுப்பு வாங்குபவருக்கும் உண்டு. கடனுக்காக விற்பவரின் நெருக்கடியைப் பார்த்து அடிமாட்டு விலைக்குக் கேட்பது எங்ஙனம் நியாயமாகும்? குதிரையின் தகுதிக்குக் குறைவாக விலை கேட்ட உடையவருக்கு ஜரீர் (ரலி) அவர்கள் தாமே விலையை உயர்த்திக் கொடுத்தார்கள்.

விதைப்பு நாளில் வண்டி நடுவயலில் நின்றால், ஒரு குடும்பத்தின் போகமே தவறிப்போகும். நாம் மறைத்து வாங்கிய சில ஆயிரங்களில் பரக்கத் எப்படி இருக்கும்? குறையைச் சொல்லி விற்கவும், நிறைவாகக் கொடுத்து வாங்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.