வாங்குவோன் வினை

பிக்ஷைக்குச் செல்லும் பௌத்தத் துறவியின் பாத்திரத்தில் இல்லறத்தான் ஒருவன் ஊனை இட்டால் அதை அவர் உண்ணலாமா என்ற கேள்விக்கு மஜ்ஜிம நிகாயத்திலுள்ள ஜீவக சூத்திரம் விடை சொல்கிறது. அந்த உயிர் தமக்காகவே கொல்லப்பட்டதை அவர் கண்டிருக்கலாகாது, கேட்டிருக்கலாகாது, அப்படி இருக்குமோ என்று ஐயுற்றிருக்கவும் ஆகாது. இம்மூன்றும் இல்லையாயின் உண்பதில் தோஷம் இல்லை. இட்டதை ஏற்று உயிர் வாழ வேண்டிய துறவிக்கு இது நியாயமான விதிதான். ஆனால், இட்டதை ஏற்பவனாக அன்றி, வேண்டியதை விலை கொடுத்துத் தேர்ந்தெடுப்பவனாகக் கடைத்தெருவில் நிற்கும் ஒருவன், ‘நான் காணவில்லை, கேட்கவில்லை, ஐயுறவும் இல்லை’ என்று இதே விதியைக் கவசமாக அணிந்துகொள்வானாயின், அக்கவசம் அவனுக்குப் பொருந்துமா?

பொருந்தாது என்பதே திருவள்ளுவர் பக்ஷம் என்று தோன்றுகிறது. உண்போர் இல்லாத உலகில் ஊன் விற்போரும் இருக்க மாட்டார் என்று புலால் மறுத்தல் அதிகாரத்தில் அவர் வாதிக்கிறார். அதற்கு உரை செய்த பரிமேலழகர் ஓர் எதிர்வாதியை முன்னே நிறுத்திக்கொள்கிறார். கொலை முன்னே நிகழ்ந்துவிட்டது; தின்பது பின்னே நிகழ்வது; பின் நிகழ்வது முன் நிகழ்ந்ததற்குக் காரணமாவது எங்ஙனம்? ஆதலால் தின்பவனுக்குக் காரணத்தால் வரும் பாவம் இல்லை என்பது எதிர்வாதியின் தர்க்கம். அருத்தாபத்தி என்னும் பிரமாணத்தால் இது இங்கே தள்ளப்படுகிறது என்பது உரைகாரர் கூறும் சமாதானம். பகலில் உண்ணாதவன் பருத்திருக்கிறான் என்றால் இரவில் உண்கிறான் என்று கொண்டாலன்றி அது பொருந்தாதது போல, விற்பதற்கென்று ஒருவன் நாள்தோறும் கொல்கிறான் என்றால், நாளையும் வாங்குவோர் வருவர் என்ற அவனுடைய நிச்சயத்தைக் கொண்டாலன்றி அதுவும் பொருந்தாது. மனு ஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயமோ, இசைவு தருபவன் தொடங்கி வாங்குபவன், விற்பவன், சமைப்பவன், பரிமாறுபவன், உண்பவன் வரை அனைவரையும் கொலைஞர் என்றே ஒரு வரிசையில் நிறுத்திவிடுகிறது.

ஊன் உண்பது பற்றிய இந்தப் பழைய விவாதத்தை இங்கே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பொருளாதார உலகமயத்தின் நன்மை தீமைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வரவையும் செலவையும் இரு பத்திகளாக எழுதி, கூட்டிக் கழித்து, விடையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வினையைப் பங்கிடும் கேள்வியை அவர்கள் எழுப்புவதில்லை. கணக்குப் பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. நாளொன்றுக்கு 1.90 டாலருக்கும் குறைவாகக் கொண்டு வாழ்ந்தவர்கள் 1990-இல் உலக மக்களில் 36 சதவீதம் என்றும், 2015-இல் 10 சதவீதம் என்றும் உலக வங்கி கணித்தது. இம்மாற்றம் முழுவதையும் வாணிகத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது என்றாலும், சீனத்தின் கடற்கரை நகரங்களில் எழுந்த ஆலைகளையும் அவற்றின் சரக்கை வாங்கிய தூர தேசத்துச் சந்தைகளையும் நீக்கிவிட்டு இதை விளக்கவும் முடியாது. வங்காளதேசத்தை எடுத்துக்கொண்டாலும் இதுவே நிலைமை. 1979-இல் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற நிறுவனம் 130 பேரைத் தையல் தொழில் கற்பதற்காகக் கொரியாவுக்கு அனுப்பியது. அந்தச் சிறு விதையிலிருந்து, சில பத்தாண்டுகளில், சுமார் 40 லட்சம் பேர் வேலை செய்யும், நாட்டின் ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஈட்டித் தரும் ஆடைத் தொழில் வளர்ந்தது. அதில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள். மாதம் பிறந்தால் தன் கையில் தன் சம்பளம் என்ற நிலைமை அவர்களுடைய தாய்மார் அறியாதது. இதை அற்பமென்று ஒதுக்குவோர், வறுமையைத் தூரத்திலிருந்தே கண்டவர்களாக இருக்க வேண்டும்.

அதே தேசத்தில், டாக்காவை அடுத்த சவாரில், ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டிடத்தில் 2013 ஏப்ரல் 23-ஆம் தேதி விரிசல்கள் தோன்றின. கீழ்த்தளத்துக் கடைகள் மூடப்பட்டன. அங்கிருந்த வங்கி தன் ஊழியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேல்மாடிகளில் இருந்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்களோ மறுநாட்காலை உள்ளே போகும்படி பணிக்கப்பட்டார்கள். அன்று காலையே கட்டிடம் நொறுங்கி விழுந்தது. இறந்தவர்கள் 1,134 பேர். இடிபாடுகளுக்கிடையே மேலை நாட்டுக் கடைகளின் பெயர்ச் சீட்டுகள் கிடைத்தன. தங்கள் ஆர்டர் அந்தக் கட்டிடத்தில் தைக்கப்படுவதே தங்களுக்குத் தெரியாது என்று சில நிறுவனங்கள் கூறின. அது பொய்யாக இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. ஓர் ஆலை பெற்ற வேலையை மற்றோர் ஆலைக்கும், அது இன்னொன்றுக்கும் பிரித்துக் கொடுத்துவிடும் தொழிலில், முதற்கை கடைசிக் கையை அறிவதில்லை.

காணவில்லை, கேட்கவில்லை என்ற இரண்டும் இவ்வாறு தாமாகவே வந்து அமைந்துவிடுகின்றன. உலகமயத்தின் உண்மையான குறைபாடு இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கொடுமையை அது புதிதாகச் சிருஷ்டித்துவிடவில்லை. கொடுமைக்கு உள்ளூரே போதும். கொடுமைக்கும் அதனால் பயனடைபவனுக்கும் நடுவே இத்தனை கடல்களையும் ஒப்பந்தங்களையும் வைத்து, குற்றமற்ற மனச்சாட்சியை மலிவுப் பண்டமாக்கி எல்லோருக்கும் கிடைக்கச் செய்ததுதான் அதன் புதுமை. ஆனால் மூன்றாவது நிபந்தனையாகிய ஐயம் இருக்கிறதே, அதிலிருந்து தப்புவது அத்தனை எளிதன்று. துறவி தம் ஐயத்தைப் புறக்கணிக்கலாகாது. ஐயம் எழுந்த பின்னும் உண்டால் அவர் விதியை மீறியவராவார். பஞ்சு விளைந்து, நூலாகி, துணியாகி, சாயமேறி, தைக்கப்பட்டு, கடல் கடந்து, கடை வாடகையும் விளம்பரமும் சுமந்து வந்த ஒரு சட்டை, ஒரு வேளைச் சிற்றுண்டியின் விலைக்குக் கிடைக்கிறது என்றால், அந்த விலையே ஐயத்துக்குப் போதிய ஹேது அல்லவா?

ஆடம் ஸ்மித்தை வாணிகத்தின் தீர்க்கதரிசியாகக் கொண்டாடுவோர், 1759-இல் அவர் வெளியிட்ட அறவுணர்ச்சி பற்றிய நூலை அதிகம் பேசுவதில்லை. சீன தேசம் முழுவதும் பூகம்பத்தில் அழிந்தது என்று கேட்கும் ஐரோப்பியன் சிறிது வருந்திவிட்டு அன்றிரவு நன்றாக உறங்குவான்; நாளைத் தன் சுண்டுவிரலை இழக்கப்போகிறான் என்றாலோ உறங்கமாட்டான் என்கிறார் அவர். அவ்வளவோடு நின்றுவிடாமல், அந்த விரலைக் காக்க அத்தனை கோடி உயிர்களைக் கொடுக்கச் சொன்னால் மனிதன் நடுங்கிப் பின்வாங்குவான் என்றும், அவனைத் தடுப்பது உள்ளேயிருக்கும் மனச்சாட்சி என்றும் மேலே செல்கிறார். சரிதான், ஆனால் விரலையும் உயிர்களையும் ஒரே தராசில் வைத்து யாரும் நம்மிடம் கேட்பதில்லை. விலைச்சீட்டில் விலை மட்டுமே எழுதியிருக்கிறது.

நம் பழைய நூல்களிடம் இதற்கு வழி கேட்கலாம் என்றால், அவை விற்பவனுக்கு விதித்த அளவுக்கு வாங்குபவனுக்கு விதிக்கவில்லை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் இருந்ததைப் பட்டினப்பாலை போற்றுகிறது. ஜைன சமயம் இல்லறத்தாருக்கு ஆகாத தொழில்கள் என்று பதினைந்தை விலக்குகிறது. ஆயுதம், அடிமை, ஊன், கள், நஞ்சு ஆகியவற்றை விற்பதைப் பௌத்தம் விலக்குகிறது. வாங்குபவனை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்கும் இடமாக எனக்குத் தென்படுவது புலால் பற்றிய இந்த விவாதம் ஒன்றுதான். ஆகையால் வள்ளுவரின் பிரமாணத்தை ஊனிலிருந்து எடுத்து உடைக்குப் பொருத்திப் பார்ப்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

பொருத்திப் பார்த்தால் காரணம் நிற்கிறது, பரிகாரம் நிற்கவில்லை. ஊன் விஷயத்தில் வாங்குவதை நிறுத்தினால் ஆடு பிழைக்கும். உடை விஷயத்தில் வாங்குவதை நிறுத்தினால் தைத்தவள் பட்டினி கிடப்பாள். 1990-களின் தொடக்கத்தில், குழந்தைகள் செய்த பண்டங்களின் இறக்குமதியைத் தடுக்க அமெரிக்க செனட்டில் ஹார்கின் என்பவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை, ஆகிவிடுமோ என்ற அச்சத்திலேயே வங்காளதேசத்து ஆலை முதலாளிகள் குழந்தைகளை வெளியேற்றினார்கள். அப்படி வெளியேறியவர்கள் சுமார் 50,000 பேர் என்றும், அவர்களிற் பலர் பள்ளிக்குப் போகாமல் கல் உடைப்பது போன்ற கொடிய வேலைகளுக்கே போய்ச் சேர்ந்தனர் என்றும் 1997-இல் யூனிசெப் அறிக்கை கூறிற்று. வாங்கமாட்டேன் என்ற புண்ணியம் யாரோ ஒரு சிறுவனின் தலையில் விடிந்தது.

காந்தியடிகள் இதை எதிர்பாராதவர் அல்லர். 1916 பிப்ரவரியில் சென்னையில் பாதிரிமார் மாநாட்டில் பேசியபோது, தூரத்திலுள்ளதை விடுத்து அண்மையிலுள்ளதைப் பயன்படுத்துவதும் அதற்குச் சேவை செய்வதுமே சுதேசி என்று விளக்கினார். சமயம், அரசியல், பொருளாதாரம் மூன்றுக்கும் அதையே விதியாக்கினார். 1931 செப்டம்பரில், வட்டமேஜை மகாநாட்டுக்குச் சென்றிருந்த சமயம், அந்நியத் துணி பகிஷ்காரத்தால் வேலையிழந்த லங்காஷயர் நெசவாளிகளின் ஊருக்கே போய், அவர்களைக் கண்ணோடு கண் நோக்கி, உங்கள் துன்பத்தைவிட எங்கள் நாட்டின் பட்டினி பெரிது என்று சொல்லும் தைரியம் அவருக்கு இருந்தது. பகிஷ்காரத்தின் பலனையும் போய்க் காண வேண்டும் என்ற அந்த ஒழுக்கத்தை நான் வணங்குகிறேன். ஆயினும், அண்மையிலுள்ளவனுக்கே என் கடமை என்ற விதி, தூரத்திலுள்ளவன் என் உடையைத் தைத்துவிட்ட பிறகு எனக்கு உதவவில்லை. அவன் என் அண்டை வீட்டான் ஆகிவிட்டான். நான்தான் இன்னும் அவனைப் பார்க்கவில்லை.

தமிழர்களாகிய நமக்கு இது ஏதோ அயலார் பாவத்தை விசாரிக்கும் வேலையும் அன்று. வெளிநாட்டு பையர்களுக்காகத் திருப்பூர் பனியன் கம்பெனிகள் தைத்த துணிகளுக்குச் சாயமேற்றிய கழிவு நொய்யலில் ஓடிற்று; பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை அக்கழிவின் தேக்கமாயிற்று; 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்ல நேர்ந்தது. மூடியபோது வேலையிழந்தவர்களும், மூடாதபோது நிலத்தை இழந்த உழவர்களும் ஒரே ஆற்றின் கரையில் இருந்தார்கள். ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ அந்தப் பனியனை அணிந்தவர் எந்தக் கரையிலும் இல்லை.

இனி, ‘ஒருவன் ஒரு சட்டையை வாங்குவதால் என்ன நடந்துவிடப்போகிறது?’ என்ற ஆட்சேபம் எஞ்சுகிறது. ஒருவனால் ஒன்றும் நடவாது என்பது உண்மையே. வள்ளுவரும் ஒருவனைச் சொல்லவில்லை, உலகத்தையே சொன்னார். பலர் கூடிச் செய்த வினை பலர் கூடித்தான் தீரும் என்பதற்கு ஓர் உதாரணம் கைக்கெட்டிய காலத்திலேயே கிடைத்திருக்கிறது. ராணா பிளாசா இடிந்த மறுமாதம், தொழிற்சங்கங்களோடு ஆடை நிறுவனங்கள் தீயணைப்பும் கட்டிடப் பாதுகாப்பும் குறித்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அது வெறும் நல்லெண்ண அறிக்கையன்று. மீறினால் வழக்காடக்கூடிய ஒப்பந்தம். 200-க்கு மேற்பட்ட நிறுவனங்கள் கையெழுத்திட்டன; ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள் சோதிக்கப்பட்டன. தனித்து நின்று ஒரு கடை இதைச் செய்திருந்தால் விலை ஏறி, வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போயிருக்கும்; இத்தனை பேர் ஒருங்கே கட்டுண்டதனால் அப்படிப் போவதற்குப் பக்கத்துக் கடைகள் குறைந்துபோயின. 2017-இல் பிரான்சும், 2021-இல் ஜெர்மனியும், தூர தேசத்தில் தமக்காக நடக்கும் வேலைக்குப் பெரிய நிறுவனங்களே விழிப்பாயிருக்கக் கடமைப்பட்டவை என்று சட்டம் செய்தன. காணவில்லை, கேட்கவில்லை என்பது இனிச் சமாதானம் ஆகாது என்று பரிமேலழகரை அறியாத சட்டசபைகள் தீர்மானித்திருக்கின்றன.

ஆனால் அந்த 2013-ஆம் ஆண்டு உடன்படிக்கை சுவரையும் படிக்கட்டையும் மின்கம்பியையும் தொட்டதே தவிர, கூலியைத் தொடவில்லை. கட்டிடம் விழுந்த நாளில் அத்தொழிலின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,000 டாக்கா. அவ்வாண்டு இறுதியில் அரசாங்கம் அதை 5,300 ஆக்கிற்று. தைத்தவளுக்கு இன்னும் எவ்வளவு சேர வேண்டும், அதைச் சட்டையின் விலையில் யார் ஏற்றுவது என்ற பேச்சை எடுத்தால், அந்த ஆர்டர் வேறு தேசத்துக்குப் போய்விடும் என்று எல்லாத் தேசத்தாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.