வார்ப்பின் குற்றமும் உயிரின் மலமும்

குற்றம் என்பது ஒரு பொருளுக்குள்ளேயே இருப்பதா, அப்பொருள் எதற்காக ஆனதோ அந்தப் பயனை ஒட்டித்தான் அது குற்றமாகிறதா என்னும் வினா, வார்ப்பாலைகளும் பழம்பெரும் சிவாலயமும் அடுத்தடுத்து நிற்கும் திருவொற்றியூர், எண்ணூர் பகுதியில் வெறும் ஏட்டு வினா அன்று. 1955இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் புல்லட் மோட்டார் சைக்கிளைத் திருவொற்றியூரில்தான் உருவாக்கியது. அதன் இங்கிலாந்துத் தாய்நிறுவனமோ என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுத்த தொடர்பினால் அப்பெயரைப் பெற்றது. ஆகவே இவ்வினாவைத் துப்பாக்கிக் குண்டைக் கொண்டு ஆராய்வது இவ்வூருக்கு அயலானதன்று.

வார்ப்புக் குண்டு என்பது ஈயத்தோடு வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்த்து உருக்கி, அச்சில் ஊற்றி ஆறவிட்டு எடுப்பது. தூய ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். உறையும்போது அது சுருங்குவதால், ஊற்றுவாய் வழியே மேலும் உலோகம் இறங்கி அந்தக் குறையை நிரப்பாவிட்டால் உள்ளே வெற்றிடம் தங்கிவிடும். எஞ்சின் பிளாக் வார்க்கும் தொழிலாளர்கள் 'புளோ ஹோல்' (வாயுக்குழி), 'ஷ்ரிங்கேஜ்' (சுருக்கக்குழி) என்று பிரித்துச் சொல்லும் குற்றங்கள் இரண்டும் இச்சிறு குண்டிலும் நேர்வனவே.

இக்குற்றங்கள் எல்லாம் ஒரே வகையில் தீங்கு செய்வதில்லை. மருத்துவம் பயின்ற அமெரிக்கரான ஃபிராங்க்ளின் மான், குண்டுகளை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டுப் பார்த்த சோதனைகளை 1909இல் நூலாக வெளியிட்டார். கண்ணுக்கு உறுத்தலாகத் தெரியும் மூக்குச் சிதைவு குறியை அதிகம் பாதிக்காமலிருக்க, அடிப்பாகத்தின் விளிம்பில் ஏற்பட்ட சேதம் குண்டை வெகுவாக விலக்கியது அவற்றில் புலப்பட்டது. குழல்வாயை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அடிப்பாகம் என்பதால், அதன் விளிம்பு ஒரு பக்கம் குறைந்திருந்தால் வெடிவாயு அப்பக்கமாக முந்திப் பீறிட்டுக் குண்டைச் சாய்த்துவிடுகிறது.

உள்ளிருக்கும் வெற்றிடத்தின் செயல் இன்னும் நுட்பமானது. குழலின் உட்சுவரில் திருகாக வெட்டப்பட்ட புரிகள் குண்டைச் சுழற்றுகின்றன; குழலுக்குள் இருக்கும் வரை அது தன் வடிவ மையத்தைச் சுற்றியே சுழலக் கட்டுப்பட்டிருக்கிறது, வெளியேறிய நொடியிலோ நிறை மையத்தைச் சுற்றிச் சுழலத் தொடங்குகிறது. ஒரு பக்கமாக அமைந்த வெற்றிடத்தால் இவ்விரு மையங்களும் 0.01 மில்லிமீட்டர் விலகியிருந்தால், 254 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்றுச் சுழற்றும் குழலிலிருந்து புறப்படும் குண்டு 100 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் தள்ளிப் படும். ஆனால் அதைவிடப் பெரிய வெற்றிடம் சரியாகச் சுழல் அச்சின் மேலேயே அமைந்துவிட்டால், குண்டின் எடை குறைந்திருந்தும் அது ஏறக்குறைய நேராகவே செல்லும். தராசு குற்றத்தின் அளவைக் காட்டும். அது எங்கே இருக்கிறது என்பதைக் காட்டாது. மனிதரை எடைபோடும் பழக்கங்கள் பலவும் இந்தத் தராசோடு நின்றுவிடுகின்றன என்பது வருந்தத்தக்கது.

சைவ சித்தாந்தம் உயிரின் குற்றத்தை மலம் என்கிறது. மலங்களுள் மூலமானது ஆணவம். அது உயிரின் அறிவை மறைத்து நிற்கும் இருள். செம்பில் களிம்பு போல அது உயிரோடு உடனாய் இருப்பது என்பது அந்நெறியின் வழக்கமான உவமை. வார்ப்பின் குற்றத்துக்கு ஊற்றிய வேளை என்றொரு தொடக்கம் உண்டு, ஆணவத்துக்கோ தொடக்கமே இல்லை என்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிட முடியாது. எனினும் முத்தி நிலையில் ஆணவம் அழிந்துபோவதில்லை, அதன் சத்தி மட்டுமே ஒடுங்குகிறது என்று சித்தாந்தம் கூறுவது பலருக்குக் குறைபட்ட விடையாகத் தோன்றுவதுண்டு. அச்சின் மேல் அமைந்த வெற்றிடமோ, குற்றம் இருப்பதும் குற்றம் செயற்படுவதும் வெவ்வேறு என்பதற்குக் கண்கண்ட சான்றாகிறது.

கட்டுக்குள் அடங்கியிருந்த குற்றம் எல்லை தாண்டும்போது வெளிப்படுவதற்குத் திருவொற்றியூரே ஒரு வரலாறு வைத்திருக்கிறது. தாம் மணக்க விரும்பிய சங்கிலியாரைப் பிரிவதில்லை என்று சபதம் செய்ய நேர்ந்த நாயனார் சுந்தரர், தாம் கோயிலுள் சூளுரைக்கும்போது மகிழ மரத்தடிக்குப் போய்விடும்படி இறைவனை முன்னரே வேண்டிக்கொண்டார். இறைவன் அதைச் சங்கிலியார் தரப்புக்குக் கனவில் உணர்த்த, சபதம் மகிழடியிலேயே நிகழ்ந்தது என்று 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம் கூறுகிறது. மாசித் திருவிழாவின் மகிழடி சேவை இன்றும் அதை நினைவுகூர்கிறது. சூளுரைக்கும் முன்பே சுந்தரர் உள்ளத்தில் அச்சபதத்துக்குக் கட்டுப்படாத ஓர் ஒதுக்கம் இருந்தது. ஊருக்குள் இருந்தவரை அதனால் ஒன்றும் நேரவில்லை. திருவாரூர் வசந்த விழாவை நினைந்து அவர் ஊரெல்லையைக் கடந்தபோதுதான் இரு கண்களும் பார்வை இழந்தன.

இனி, குறி தவறாமை நன்மை ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா, செய்தவர்களின் அளவுகோலில் குறையற்றது. அதன் உறையைப் பல்லால் கடிக்க வேண்டியிருந்த வங்காளப் படைச் சிப்பாய்களுக்கோ, மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ தடவப்பட்டது என்ற ஐயத்தினால் அதுவே தீட்டாயிற்று, 1857இல் கிளர்ச்சிக்கும் காரணங்களுள் ஒன்றாயிற்று. எந்தப் பயன், யாருக்கான பயன் என்று கேட்காமல் ஒரு பொருளைக் குற்றமற்றது என்று சொல்ல இயலாது.

குண்டு தன் வெற்றிடத்தைத் தானே அச்சுக்கு நகர்த்திக்கொள்ள முடியாது; வார்த்தவர் அதை மீண்டும் உருக்குச்சட்டியில் போடலாம், அவ்வளவே. உயிருக்குச் சித்தாந்தம் வேறொன்று சொல்கிறது. நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் விருப்பு வெறுப்பின்றி நிகராகக் கொள்ளும் இருவினையொப்பு உயிரிடத்தே வாய்க்க, மலம் தன் வலி தளரும் பக்குவத்தை அடைய, அப்போது சத்திநிபாதம் எனப்படும் அருட்பதிவு நிகழ்கிறது. அந்த நிகர்நிலையில், வார்ப்பில் இல்லாத ஒரு பங்கு உயிருக்கு உண்டு.