பாதி வழியில் திரும்பினால் நேர்த்தி பழுதாகுமா?

மலையிலே இறைவனைக் காண்பது சைவ மக்களின் நீண்ட மரபாகும். கண்டிப் பகுதியில் வாழும் எமக்கு அந்த மலை சிவனொளிபாத மலையே. டிசம்பரில் வரும் உந்துவப் போயா தொடக்கம் மே மாதத்து வெசாக் போயா வரையான காலத்திலே, வேன் பிடித்தும், கண்டியில் ரயிலேறி ஹற்றனில் இறங்கியும் எம்மவர் போய் வருகின்றனர். பௌத்தர் புத்தபிரானின் பாதமென்றும், இஸ்லாமியர் ஆதம் நபியின் பாதமென்றும் போற்றும் அவ்விடத்தை நாம் சிவபெருமானின் திருப்பாதமாக வணங்குகிறோம்.

போவதென்று முடிவானதும் வேன் கூலி, சமையல் சாமான், புறப்படும் நேரம் என்பவை பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். வருபவர்களில் ஒருவருக்கு ஏற முடியாமற் போனால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால், "புறப்பட முன்னரே அபசகுனமா?" என்று வாயை அடைத்து விடுவார்கள். கடவுள் பார்த்துக் கொள்வார் என்பது அவர்களது பதில்.

மலையின் உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணியில் இருந்து ஏறும்போது சுமார் ஆயிரம் மீற்றர் உயரத்தை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளாலே கடக்க வேண்டும். சீத கங்குல ஓடையில் முகங் கழுவும் வரை எல்லோரும் உற்சாகமாகவே இருப்பார்கள். அதற்கு மேலேதான் சோதனை. கடைசிப் பகுதி கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஏறுமளவுக்குச் செங்குத்தானது. வியர்வையில் நனைந்த உடம்போடு உச்சிக் காற்றில் நின்றால் இளைஞருக்கே நடுக்கமெடுக்கும். இறங்கும்போது முழங்கால் படும் பாடு ஏறும்போது இராது. சலரோகக்காரர் குளிசையையும் போட்டு, விரதமென்று சாப்பிடாமலும் ஏறினால் இரத்தத்தில் சீனி திடீரெனக் குறைந்து மயங்கி விழவுங் கூடும். இவற்றை அறிந்தும் ஆயத்தம் செய்யாதவர் பக்தியிற் சிறந்தவர் என்று நான் கருதவில்லை. பார்த்துக் கொள்ளும்படி கடவுள் எமக்கும் இரண்டு கண்களைத் தந்திருக்கிறார்.

"அப்பர் பெருமான் திரும்பினாரா?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். கயிலை காணப் புறப்பட்ட அப்பரடிகள் கால் தேயக் கையால் ஊர்ந்து, கையும் தேய மார்பால் நகர்ந்து, பின் உருண்டு போனதைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே விரிவாகப் பாடியுள்ளார். முனிவர் வடிவில் வந்த இறைவன் திரும்பிப் போகச் சொல்லியும் அவர் இணங்கவில்லை. ஆனால் ஒன்றை நாம் கவனிப்பதில்லை. அடிகள் காசியிலேயே உடன் வந்தவர்களை விட்டுவிட்டுத் தனியாகவே மேலே சென்றார். அவர் பணயம் வைத்தது தமது உடலை மட்டுமே. முடிவிலும் அவர் கயிலையை நடந்து அடையவில்லை. அங்கிருந்த குளத்திலே மூழ்கித் திருவையாற்றுக் குளத்திலே எழுந்து, அங்கே கயிலைக் காட்சி கண்டார். ஆடி அமாவாசையில் திருவையாற்றில் இன்றும் அதை விழாவாக எடுக்கிறார்கள்.

வாழ்நாளில் ஒரு தடவையாவது பாதம் தொட வேண்டுமென்று எழுபது வயது ஆச்சி ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரது உயிர், அவரது நேர்த்தி. வேண்டாமென்று சொல்ல நாம் யார்? இக்கேள்வி எளிதானதல்ல. ஆனால் நடு இரவிலே படியில் அவர் கால் பிசகினால், தூக்கிக்கொண்டு இறங்கப் போவது நான்கு பிள்ளைகள். ஈரப்படியில் அவர்களும் விழலாம். கூட்டமாகப் போகும்போது ஒருவரது நேர்த்தி மற்றவர்களின் கால்களையும் கடன் வாங்குகிறது. அதற்காக ஆச்சியை வீட்டில் விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்தல்ல. அவர் நடையின் வேகத்துக்கே பயணத்தைத் திட்டமிடலாம். சூரிய உதயக் காட்சியை விட்டுக்கொடுத்துப் பகலில் ஏறலாம். நல்லதண்ணியில் ஓர் இரவு தங்கலாம். உதயத்தைப் பார்க்கவே போகிறோம் என்பவர்கள் வேறு வேனில் போகட்டும்.

மானசரோவர் ஏரி கடல் மட்டத்திலிருந்து 4,500 மீற்றருக்கும் மேலே உள்ளது. அங்கும் கயிலைக்கும் இந்திய அரசு 1981 முதல் யாத்திரை நடத்தி வருகிறது. 2020 முதல் தடைப்பட்டிருந்து 2025இல் மீண்டும் தொடங்கியது. அதிலே செல்பவர்களுக்கு டில்லியில் வைத்தியப் பரிசோதனை உண்டு. லிப்புலேக் வழியாகப் போனால் இடையில் குஞ்சி என்னுமிடத்தில் மறுபடியும் பரிசோதிப்பார்கள். பிரஷர் கூடியிருந்தால் திருப்பி அனுப்பி விடுவார்கள். பல வருடம் காத்திருந்து வந்தவரும் அழுதுகொண்டு திரும்ப வேண்டியதுதான். எமது மலையில் அப்படிச் சொல்ல ஆளில்லை. ஆகவே கூட்டிப் போகிறவரே சொல்ல வேண்டும்.

மகாபாரதத்தின் முடிவிலே தருமர், திரௌபதியும் தம்பியரும் ஒவ்வொருவராக விழத் திரும்பிப் பாராமல் நடந்தார் என்கிறது கதை. எனக்கு இது எப்போதும் உறுத்தும் இடம். அவர்களாவது திரும்பி வராத பயணம் போனவர்கள். நாங்கள் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள். அந்தத் தருமரே, கடைசியில் கூட வந்த நாயை விட்டுச் சுவர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று நின்றதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

நடப்பதென்னவோ, களைத்தவரைத் தேநீர்க் கடை வாங்கில் இருத்தி, "இருங்கள், பார்த்துவிட்டு வருகிறோம்" என்று போய்விடுவதுதான். குளிரில் நான்கைந்து மணித்தியாலம் அவர் தனியே இருப்பார். யாராவது ஒருவர் கூட இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை ஊரிலேயே பேசி முடிவு செய்வது நல்லது. படியில் வைத்துக் கேட்டால், உச்சி கண்ணுக்குத் தெரியும்போது எவரும் முன்வரமாட்டார்கள். வருபவரும் வாய் பேசாத இளைய பிள்ளையாகவே இருப்பார். இந்த வருடம் கூட இருந்தவரை அடுத்த வருடம் முதல் ஆளாக ஏற்றுங்கள்.

உச்சியிலே மணி உண்டு. எத்தனையாவது தடவை வந்தோமோ அத்தனை தரம் அடிப்பது வழக்கம். கீழே நின்றுவிட்டவருக்காகவும் ஒரு தரம் அடிக்கலாமா? அன்பினால் கேட்கப்படும் கேள்விதான். நானென்றால் அடிக்க மாட்டேன். அது அவர் கையால் அடிக்க வேண்டிய மணி. மலை அங்கேதான் இருக்கிறது. அடுத்த உந்துவப் போயாவுக்குப் பின் மறுபடியும் பாதை திறக்கும்.