காணாமல் கீழ்ப்படிதல்

கீழ்ப்படிதல் என்னும் சொல்லைக் கேட்டதும் இக்காலத்தவர் முகம் சுளிக்கின்றனர். அதில் வியப்பதற்கு ஏதுமில்லை. கண்மூடிக் கீழ்ப்படிந்தோர் செய்த கொடுமைகளைக் கடந்த நூற்றாண்டு போதிய அளவு கண்டுவிட்டது. துறவற இல்லங்களில் நெடுங்காலம் போற்றப்பட்ட இப்புண்ணியம், மனச்சான்றைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு உறங்கும் சோம்பலேயன்றி வேறில்லை என்பாரும் உளர். இவ்வினாவை நூல்களில் வைத்து ஆராய்வதைவிட, ஒரு மரக்கலத்தில் வைத்து ஆராய்வது தெளிவு தரும் என எனக்குத் தோன்றுகிறது. நடுக்கடலில் வழியறிந்தவர் ஒருவரே. ஏனையோர் அவரை நம்பிப் பாய் இழுப்பவர்கள். மனம் ஒவ்வாவிடினும் இறங்கிப் போக இயலாது.

1976ஆம் ஆண்டு மே முதல் நாள், ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த மௌயித் தீவிலிருந்து ஹோக்குலேயா என்னும் பாய்மரக்கலம் டஹிட்டியை நோக்கிப் புறப்பட்டது. இரண்டு ஓடங்களை இணைத்துக் கட்டிய, ஏறத்தாழ 19 மீட்டர் நீளமுள்ள கலம் அது. ஹோக்குலேயா என்பது நாம் சுவாதி என்றழைக்கும் விண்மீனுக்கு அம்மக்கள் வழங்கும் பெயர்; ஹவாயின் உச்சிவானில் கடந்து செல்லும் மீன் அதுவே. பசிபிக் தீவுகளின் முன்னோர் காற்றின் போக்கில் தற்செயலாக அடித்துச் செல்லப்பட்டே ஆங்காங்குக் குடியேறினர் என்று அறிஞர் சிலர் எழுதிவந்த காலம். அவர்கள் வழியறிந்தே கடல் கடந்தனர் என்று மெய்ப்பிப்பதே பயணத்தின் நோக்கம். எனவே திசைகாட்டியோ கடற்படமோ வழிகாட்டப் பயன்படவில்லை. பாதுகாப்புக்காகப் பின்தொடர்ந்த துணைக்கலமும் திசை சொல்லவில்லை.

அந்தக் கலை ஹவாயில் மறைந்துபோயிருந்தது. ஆகவே மைக்ரோனேசியாவைச் சேர்ந்த சத்தவால் என்னும் மிகச் சிறிய தீவிலிருந்து மௌ பியாயிலூக் என்பவரை அழைத்துவந்தனர். அவர் குழந்தையாயிருந்தபோதே பாட்டனார் அவரைத் தேர்ந்து, அலைகளின் அசைவை உடம்பால் உணருமாறு கரையோரக் குட்டைகளில் கிடத்திப் பழக்கினாராம். விண்மீன்கள் எழும் இடமும் விழும் இடமும் இரவில் அவருக்குத் திசை கூறின. பகலில் கதிரவனும் தொலைவிலிருந்து வரும் நீரலைகளும் அப்பணியைச் செய்தன. எவ்வளவு தொலைவு வந்தோம் என்னும் கணக்கோ அவர் மனத்தில் மட்டுமே இருந்தது. அக்கணக்கு அறுபடாதிருக்க அவர் மிகச் சிறிதே உறங்கினார். நம் பரதவர் அமரம் என்று கூறும் கலத்தின் பின்பகுதியில் அமர்ந்து விழித்திருந்தார். (புயலின் நடுவே ஆண்டவர் தலையணை வைத்து உறங்கியதும் படகின் பின்பகுதியிலேயே என்று மாற்கு எழுதுவதை இங்கு நினைத்துக்கொள்கிறேன். இருவேறு காட்சிகள்; எனினும் படகிலிருந்தோரின் அச்சம் ஒன்றே.)

சுக்கானைப் பிடித்திருப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவருக்குச் சொல்லப்பட்டது ஒரு திசை மட்டுமே. அது சரியா என்று சோதிக்க அவரிடம் எதுவுமில்லை. காற்று ஓய்ந்து பாய் தொங்கிய நாள்கள் வந்தன. சிலர் பொறுமையிழந்தனர், கடமை மறுத்தனர், வாய்ச்சண்டை முற்றி இறுதியில் கைகலப்பாயிற்று. இதைப் படிக்கையில் அவர்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கலம் ஓர் ஆய்வுக் கருவியா, தம் இனத்தின் மீட்சியா என்னும் வழக்கு கரையிலேயே தொடங்கியிருந்தது. இழந்ததை மீட்க வந்தவனுக்கு, சும்மா கயிற்றைப் பிடி என்னும் சொல் எரிச்சலூட்டத்தான் செய்யும். ஆயினும், வழி சரியாகவே இருந்தது. துவாமோட்டுத் தீவுகளைக் கண்டு, ஜூன் 4ஆம் நாள் கலம் பப்பேத்தே துறையை அடைந்தது. ஏறத்தாழ 17,000 பேர் கரையில் திரண்டு நின்றனர்.

மௌ அவ்விழாவில் மயங்கவில்லை. தம்மைத் தேடி வரவேண்டா என்று ஒலிநாடாவில் சொல்லிவைத்துவிட்டு ஊர் திரும்பினார். கலத்தைக் கருவிகளின் துணைகொண்டே ஹவாய்க்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. கப்பலை விட்டு மாலுமிகள் தப்பியோட முயன்றபோது, இவர்கள் இதில் இருந்தாலன்றி எவரும் பிழைக்க முடியாது என்று திருத்தூதர் பவுல் எச்சரித்த நிகழ்ச்சி திருத்தூதர் பணிகள் நூலில் உள்ளது. உடலால் கலத்தில் இருந்துகொண்டே மனத்தால் அதை விட்டு இறங்கிவிடுவதும் கூடும். 1976இல் நிகழ்ந்தது அதுவே என்பேன்.

இரண்டாண்டுகளுக்குப் பின் இதற்கு நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. 1978 மார்ச் 16 அன்று மௌ இல்லாமலே மீண்டும் டஹிட்டிக்குப் புறப்பட்ட ஹோக்குலேயா, அன்றிரவே கடுங்காற்றில் கவிழ்ந்தது. மறுநாள், மாலுமிகளுள் ஒருவரும் கடற்கரை உயிர்காப்பாளருமான எடி அயிக்காவு, உதவி தேடி ஓர் அலைச்சறுக்குப் பலகையில் லானாய்த் தீவை நோக்கித் துடுப்பிட்டுச் சென்றார். திரும்பவில்லை. கலத்தைப் பற்றிக்கொண்டிருந்த ஏனையோரை, அவர்கள் ஏவிய ஒளிக்குறியை வானூர்தியொன்று கண்டதால், அன்றிரவே மீட்டனர். கவிழ்ந்த கலத்தை விட்டு அகலாதே என்பது கடலோடிகளின் விதி. அவர் விதியை மீறினார் என்பதா? தலைவரின் இசைவுடனேயே சென்றார். அவருடைய உயிர் பயனின்றிப் போயிற்று என்பதா? அவ்வாறு சொல்ல என் நா எழவில்லை. பவுலின் கப்பலில் மாலுமிகள் இறங்க முயன்றது தம்மைக் காக்க. இவர் இறங்கியது பிறரைக் காக்க. செயல் ஒன்றாயினும் இரண்டுக்கும் இடையே ஒரு பெருங்கடலே கிடக்கிறது.

அந்தச் சாவின் பின்னர், நைனோவா தாம்சன் என்னும் ஹவாய் இளைஞர் மௌவை நாடிச் சென்று கற்பிக்குமாறு வேண்டினார். தேடி வரவேண்டா என்றவர் மனமிரங்கி வந்தார். 1980இல் நைனோவா வழிகாட்ட, மௌ உடனிருக்க, கலம் மீண்டும் டஹிட்டிக்குச் சென்றது. இப்போது முதியவர் பேசாதிருந்தார். கட்டளையிடுவதினும் கடினமானது அம்மௌனம். மாலுமிகளின் சோதனையும் புதிது: ஐயம் எழும்போதெல்லாம் முதியவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், இளைஞரின் சொல்லுக்கு என்ன மதிப்பு? தவறக்கூடிய ஒருவருக்கும் கீழ்ப்படிந்தாக வேண்டும். இல்லையேல் எவரும் வழிகாட்டக் கற்கவே மாட்டார்.

நிலம் நெருங்கிய நாள்களில் ஒரு காலை, வெண்ணிற ஆலாப்பறவை ஒன்று பறந்து சென்றது. காலையில் ஆலாக்கள் கரையிலிருந்து கடலுக்கு இரைதேடச் செல்லும். ஆகவே நிலம் எதிர்த்திசையில் உள்ளது என்று நைனோவா கணித்தார். அப்போதுதான் மௌ வாய் திறந்தார்: கலத்தைத் திருப்பிப் பறவையைப் பின்தொடருமாறு கூறினார். காரணம் சொல்லவில்லை. காரணம் புரியாமலே இளைஞர் திருப்பினார். சிறிது நேரத்தில் தீவு தெரிந்தது. பறவையின் அலகில் ஒரு சிறு மீன் இருந்ததை மௌ கண்டிருந்தார். அது குஞ்சுக்கு இரை கொண்டுபோகும் காலம். கற்ற விதி பொய்யன்று. கற்றவரின் கண்தான் அலகு வரை எட்டவில்லை. காரணமே இல்லாத கட்டளைக்குப் பணிவதும், நமக்குத் தெரியாத காரணம் உள்ள கட்டளைக்குப் பணிவதும் வெளிக்கு ஒன்றுபோல் தோன்றும். பின்னதைக் கேட்கும் உரிமை, இரவெல்லாம் விழித்திருந்தவருக்கே உண்டு. திருச்சபையில் பொறுப்பேற்றிருப்போர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. மௌவின் திருமுழுக்குப் பெயர் பயஸ். மீகாமர்களை அபிடேகம் செய்யும் 'புவோ' என்னும் சடங்கு அவருடைய தீவில் அரை நூற்றாண்டுக் காலம் நின்றுபோனதில், அங்கு வந்த கிறித்தவ மறைபரப்புநருக்கும் பங்குண்டு. தம் ஊர் இளைஞர் கற்க முன்வராததால் அயலாருக்கு அவர் கற்பித்தார். அதற்காகத் தம் மக்களின் பழியையும் ஏற்றார். 2007 மார்ச்சில், இறப்பதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், சத்தவாலில் அச்சடங்கை மீண்டும் நடத்தி, நைனோவா உள்ளிட்ட ஐந்து ஹவாய் மக்களையும் தம் நாட்டவர் பலரையும் மீகாமர்களாக்கினார். வந்தவர்கள் அவருக்கென்றே கட்டிய பாய்மரக்கலம் ஒன்றைக் கடல்வழியே ஓட்டி வந்திருந்தனர். அதன் பெயர் அலிங்கானோ மைசு. மைசு என்பது காற்றில் உதிர்ந்து கிடக்கும் ஈரப்பலாக் கனி. அதை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அத்தீவின் வழக்கம்.