கடைசிக் குளிர்கால விடுமுறை யாருக்கு உரியது?

அமெரிக்கக் கல்லூரிகளில் டிசம்பர் நடுவில் பருவத் தேர்வுகள் முடிகின்றன. பல வளாகங்களில் மாணவர் விடுதிகளையே பூட்டிவிடுவார்கள். மாணவர்கள் ஜனவரியில்தான் திரும்புவார்கள். மூன்று வாரம் முதல் ஐந்து வாரம் வரை நீளும் இந்தக் குளிர்கால விடுமுறைக்குள் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் அடங்கிவிடுகின்றன. நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழனன்று வரும் நன்றி நவிலல் நாளை ஒட்டிய சில நாட்களை விட்டால், ஆகஸ்டில் வீட்டைவிட்டுப் போன பிள்ளை பெற்றோரோடு சேர்ந்தாற்போல் தங்குவது இந்த வாரங்களில்தான்.

அந்தப் பிள்ளைக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தால், அதே வாரங்களுக்கு உரிமை கொண்டாடுகிறவர்கள் பலர் ஆகிவிடுகிறார்கள். அடுத்த கிறிஸ்துமஸ் இப்படி இருக்காது என்று தாய்க்குத் தெரியும். மணக்கப்போகிறவரின் வீட்டார் தங்கள் பண்டிகை மேசையில் ஒரு நாற்காலியைத் தயாராக வைத்திருப்பார்கள். பள்ளித் தோழர்கள் ஊருக்கு வருவது வருடத்தில் இந்த ஒரு தடவைதான். கிறிஸ்தவ நம்பிக்கையுள்ள குடும்பமென்றால் ஆலயமும் அழைக்கிறது. எல்லாரும் கேட்பது அன்பினால்தான். யார் கேட்பதும் தவறில்லை. ஆனாலும் எல்லாருக்கும் கொடுக்க நாட்கள் போதாது. இந்த நிலையில் அந்த மாணவர் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்? இது பயணத் திட்டம் பற்றிய கேள்வியாகத் தோன்றலாம். உண்மையில் இது நீதி பற்றிய கேள்வி.

இன்று இந்தக் கேள்வி முன்பைவிடக் கடுமையாகியிருக்கிறது. 1960இல் அமெரிக்கப் பெண்களின் முதல் திருமண வயது சராசரியாக 20 அளவிலும் ஆண்களின் வயது 23 அளவிலும் இருந்தன. இப்போது அவை 28, 30 என உயர்ந்துவிட்டன. சில கிறிஸ்தவக் கல்லூரி வளாகங்களில் ‘வசந்தத்துக்குள் மோதிரம்’ என்ற சொல்வழக்கு இன்னும் புழங்கினாலும், படிக்கும்போதே மணம் நிச்சயிக்கப்பட்டவர் பொதுவாகத் தம் வயதினரிடையே விதிவிலக்காகவே இருக்கிறார். அவருடைய தோழர்கள் அந்தக் கட்டத்துக்கு இன்னும் வரவில்லை. இத்தனை சீக்கிரம் பிள்ளையை அனுப்பிவைக்க வேண்டியிருக்கும் என்று பெற்றோரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் தோன்றும் தீர்வு, நாட்களைச் சமமாகப் பங்கிடுவது. பெற்றோருக்கு ஒரு வாரம், மணக்கப்போகிறவர் வீட்டுக்கு ஒரு வாரம், மீதி நண்பர்களுக்கு. பார்க்க நியாயமாக இருக்கும் இந்தக் கணக்கு யாரையும் நிறைவு செய்வதில்லை. அவரவர்க்கு உரியதை அவரவர்க்குத் தருவதே நீதி. எல்லாருக்கும் உரியது ஒன்றே என்று கொள்வதில்தான் இந்தக் கணக்கு பிழைபடுகிறது. இருபது வருடம் வளர்த்தவர்க்கும், வாழ்நாளைப் பகிரப்போகிறவர்க்கும், பள்ளி நாட்களில் உடனிருந்தவர்க்கும் நாம் பட்டிருக்கும் கடன் அளவில் மட்டும் வேறுபடுவதில்லை, தன்மையிலேயே வேறுபடுகிறது.

இரண்டாவது தீர்வு இன்னும் வலுவானது: மணக்கப்போகிறவரே முதல், மற்றவர்கள் பிறகு. மனிதன் தாய் தந்தையை விட்டுத் தன் மனைவியோடு இணைவான் என்ற பொருளில் விவிலியத்தின் தொடக்கநூல் இரண்டாம் அதிகாரம் பேசுவதை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். புதிய குடும்பத்தை இன்றே கட்டத் தொடங்குவது நல்லதுதானே என்றும் கேட்பார்கள். இந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அந்த வசனம் மணவாழ்வைப் பற்றியது. நிச்சயம் என்பது வாக்குறுதி. அது இன்னும் மணமாகவில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் திருச்சபையே வேண்டுமென்று காத்துவந்திருக்கிறது. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், திருமணத்துக்கு முன் ஆலயத்தில் ஊரறிய அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. தமிழ்க் கத்தோலிக்கர் ஓலை வாசித்தல் என்று அறிந்த வழக்கம் அதுவே. இன்று அமெரிக்காவின் பல மறைமாவட்டங்களில், மணநாளுக்குக் குறைந்தது 6 மாதம் முன்பே பங்குத்தந்தையைச் சந்தித்து, மணத்துக்கான ஆயத்த வகுப்புகளுக்கும் செல்ல வேண்டும். இந்தக் காத்திருப்புக்குக் காரணம் இருக்கிறது. புதிய கடமை வரும்வரை பழைய கடமைகள் நடப்பில் இருக்கின்றன. அவற்றை நல்லபடியாக முடித்துக்கொள்ளத் தரப்பட்ட காலம் இது.

மூன்றாவது தீர்வு பக்தியின் பெயரால் வருவது. கல்லூரியில் நம்பிக்கை தழைத்த மாணவர், விடுமுறையையும் கடவுளுக்கே தர விரும்புவார். அதற்கு வாய்ப்புகளும் உண்டு. இன்டர்வர்சிட்டி என்ற கிறிஸ்தவ மாணவர் அமைப்பு 1940கள் முதல் நடத்திவரும் அர்பானா மாநாடு, நெடுங்காலமாகக் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில்தான் கூடிவந்தது. தியான முகாம்களும் ஊழியப் பயணங்களும் அந்த வாரங்களில் நடக்கின்றன. இவற்றுக்குப் போவது தவறென்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் இருக்கும் சங்கடத்திலிருந்து தப்ப இவற்றைப் பயன்படுத்துவதுதான் தவறு. மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் இயேசு இதைத்தான் கண்டிக்கிறார். பெற்றோருக்கு உதவ வேண்டிய பொருளைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லிக் கடமையிலிருந்து நழுவியவர்கள் அன்றும் இருந்தார்கள். அதே இயேசு பன்னிரண்டு வயதில் பெற்றோரிடம் சொல்லாமல் எருசலேம் ஆலயத்தில் தங்கிவிட்டதையும், மூன்று நாள் கழித்து அவர்கள் கண்டுபிடித்ததையும் லூக்கா எழுதுகிறார். தம் தந்தையின் இல்லத்தில் இருப்பதே முறை என்று அந்தச் சிறுவன் பதில் சொன்னான். பிறகு பெற்றோருடன் நாசரேத்துக்குத் திரும்பி, அவர்களுக்குக் கீழ்ப்படிந்து வாழ்ந்தான். லூக்கா இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைப்பதைக் கவனிக்க வேண்டும். கடவுளின் உரிமை பெற்றோரின் உரிமையை ரத்து செய்யவில்லை.

இந்த மூன்று தீர்வுகளும் எங்கே இடறுகின்றன என்பதை 13ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாகக் கண்டவர் தோமா அக்குவினா. தம் இறையியல் தொகுப்பு நூலில் அன்புக்கு ஒரு வரிசை உண்டா என்ற வினாவை எடுத்துக்கொண்டு, யாரை அதிகம் நேசிக்க வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்கிறார். பிறப்பு சார்ந்தவற்றில் உறவினருக்கும், குடிமை வாழ்வு சார்ந்தவற்றில் உடன் குடிமக்களுக்கும், போர்க்களத்தில் உடன் வீரர்களுக்கும் முதலிடம் தர வேண்டும் என்பது அவர் கருத்து. மனைவியா பெற்றோரா என்ற கேள்வியையும் அவர் நேராகவே கேட்கிறார். பெற்றோருக்கு அதிக மரியாதை உரியது. மனைவி மீதான அன்போ அதிக ஆழமானது என்கிறார். தாய் தந்தையை விட்டுப் போவது உடன் வாழ்வதைப் பற்றியதே என்றும், சில காரியங்களில் மனைவியைவிடப் பெற்றோருக்கே ஒருவர் முதலில் உதவ வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். யாருக்கு எவ்வளவு என்பதற்கு முன், யாருக்கு எது என்று கேட்க வேண்டும் என்பதை அவரிடமிருந்து கற்கலாம். குளிர்கால விடுமுறையின் சிக்கலை அவிழ்க்கும் வழியும் இதுவே.

பெற்றோருக்கு உரியது உடனிருப்பு. பண்டிகை நாளின் விருந்தைவிட, பண்டிகை இல்லாத சாதாரண நாட்களே அவர்களுக்கு வேண்டும். பாத்திரம் கழுவ ஒரு கை, வாசலில் பனி அள்ள ஒரு ஆள், முதியோர் இல்லத்திலிருக்கும் பாட்டியைப் பார்க்கப் போகும்போது காரில் பக்கத்து இருக்கையில் ஒரு துணை. மாலை முழுவதும் தன் அறைக்குள் வீடியோ அழைப்பில் இருக்கும் பிள்ளை வீட்டுக்கு வந்தும் வராதவர்தான். மணம் பற்றிப் பெற்றோருக்குத் தயக்கம் இருந்தால், எழுந்து போகாமல் அதைக் கேட்பதும் இந்தக் கடனில் சேரும். கேட்டே ஆக வேண்டும் என்பதற்காக ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்பதில்லை. பெற்றோருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. ‘இதுதான் கடைசி கிறிஸ்துமஸ்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பிள்ளையின் மனத்தில் குற்ற உணர்வை வளர்ப்பது அன்பாகாது.

மணக்கப்போகிறவருக்கு உரியது உண்மையும் முடிவுகளில் சமபங்கும். மணநாள் எப்போது, எந்த ஆலயத்தில், எத்தனை பேரை அழைப்பது, படிப்புக்காக வாங்கிய கடன் எவ்வளவு, அதை எப்படி அடைப்பது என்ற பேச்சுகள் இந்த வாரங்களில்தான் வீட்டு மேசைக்கு வரும். அவர் இல்லாத இடத்தில் அவருக்கும் சேர்த்து முடிவெடுப்பது, அவரோடு கழிக்காத பத்து நாட்களைவிடப் பெரிய அநீதி. பிறந்த வீட்டில் அவர் குறைகளைப் பேசிச் சிரிப்பதும், பிறந்த வீட்டின் மறைவான துயரங்களை அவரிடம் கொட்டிவிட்டு வீட்டார்முன் ஒன்றும் தெரியாதது போல் இருப்பதும் அப்படிப்பட்டவையே. நாட்களை விட்டுக்கொடுக்க அவரிடம் கேட்கலாம். அவருக்குத் தெரியாமல் எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நண்பர்களுக்கு உரியது முழுக் கவனம். நண்பர்கள் பிரிந்திருப்பதால் நட்பு உடனே அழிவதில்லை, அதன் செயல்பாடுதான் நிற்கிறது. பிரிவு மிக நீண்டால் நட்பே மறந்துபோகும் என்று அரிஸ்டாட்டில் தம் அறநூலில் எழுதினார். மணம் நெருங்கும் ஒருவருக்கு இது எச்சரிக்கை. தோழர்களைச் சந்தித்து மோதிரத்தையும் மண ஏற்பாட்டையும் மட்டுமே பேசிவிட்டு வருபவர், அவர்களைக் கேட்பவர்களாக மட்டும் ஆக்கிவிடுகிறார். வேலை கிடைக்காதவரும், காதல் முறிந்தவரும், தந்தையை இழந்தவரும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். ஒரே ஒரு மாலை போதும். அந்த மாலை அவர்களுடையதாக இருக்க வேண்டும்.

கடவுளுக்கு உரியதை நான்காவது பங்காக எண்ணினால் தவறிவிடுவோம். மற்ற மூன்றும் நேர்மையாகத் தரப்படுகின்றனவா என்று கேட்கும் இடமே நம்பிக்கை. மாணவரின் நம்பிக்கை பெற்றோரின் நம்பிக்கையிலிருந்து மாறியிருக்கும்போது இது கூர்மையாகிறது. அமெரிக்காவில் வயதுவந்தவர்களில் பத்துக்கு மூவர் அளவில் எந்த மதத்தையும் சாராதவர்களாகத் தம்மைச் சொல்லிக்கொள்கிறார்கள். வேறு சபையைச் சேர்ந்தவரை மணக்க இருப்பவர்களும் உண்டு. கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலிக்குத் தாய் அழைத்தால் நம்பிக்கை இழந்த பிள்ளை போகலாமா? போகலாம். தாயின் அருகே அமர்வது தாய்க்குத் தரும் மரியாதை. ஆனால் நம்பாத ஒன்றை நம்புவதாக வாயால் அறிக்கையிடுவதும், தாய் வருந்துவாளே என்று நற்கருணை வாங்குவதும் தாய்க்கும் அவள் நம்பும் கடவுளுக்கும் பொய் சொல்வதாகும். உடன்போவதும் பொய்க்காமலிருப்பதும் ஒன்றாக முடியும்.

நெருக்கடியிலும் இந்தக் கடன்களைப் பிரித்தறிந்து செலுத்திய ஒருவரைச் சொல்லலாம். ஜெர்மானிய லூத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1943 ஜனவரியில் மரியா ஃபான் வெடமேயர் என்ற 18 வயதுப் பெண்ணோடு மணம் நிச்சயித்தார். மரியாவின் தந்தையும் அண்ணனும் சில மாதங்களுக்கு முன்தான் போரில் இறந்திருந்தார்கள். இருவரும் சிறிது காலம் பிரிந்து காத்திருக்க வேண்டும் என்று துயரத்திலிருந்த மரியாவின் தாய் கேட்டபோது போன்ஹோஃபர் அதை மதித்தார். ஏப்ரல் 5 அன்று நாஜி அரசு அவரைக் கைது செய்தது. சிறையில் கடிதங்களுக்கு அளவு இருந்தது. பெற்றோருக்கும் மரியாவுக்கும் மாறி மாறி எழுதினார். பெற்றோருக்கான கடிதங்களில் அன்றாடத் தேவைகளும் அவர்களுக்கான ஆறுதலும், மரியாவுக்கானவற்றில் வரப்போகும் இல்லறமும் இருந்தன. இறையியலில் தம்மை வாட்டிய கேள்விகளை நண்பர் எபர்ஹார்ட் பெத்கேவுக்கு மறைவாக அனுப்பிய கடிதங்களில் கொட்டினார். 1944 டிசம்பரில் ஒரு கவிதை எழுதி மரியாவுக்கு அனுப்பியபோது, அது அவளுக்கும் தம் பெற்றோருக்கும் உடன்பிறந்தாருக்குமான கிறிஸ்துமஸ் வாழ்த்து என்று குறிப்பிட்டார். 1945 ஏப்ரல் 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். அந்த மணம் நடக்கவேயில்லை.

தாயின் சொல்லுக்குக் காத்திருந்ததால்தானே இருந்த கொஞ்ச நாளும் கைநழுவியது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வரப்போவது தெரிந்திருந்தால் யாரும் காத்திருக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அன்று அவர்கள் அறிந்ததை வைத்துத்தான் அவர்கள் செயலை எடைபோட முடியும். கணவனையும் மகனையும் இழந்த ஒரு தாயின் வேண்டுகோளை ஒதுக்காமல் காத்திருந்து, தொடங்காமலே போன அந்த மணவாழ்வு, தொடங்கியிருந்தால் அடைந்திருக்கும் அதே மதிப்போடுதான் இன்றும் நினைக்கப்படுகிறது.

விதிவிலக்குகளையும் சொல்லியாக வேண்டும். அடியும் வசையும் காத்திருக்கும் வீட்டுக்குப் போக எந்தப் பிள்ளைக்கும் கடமை இல்லை; தள்ளியிருப்பதே அங்கு நேர்மை. மணக்கப்போகிறவருக்குப் போக வீடே இல்லையென்றால் கணக்கு மாறுகிறது. பூட்டிய விடுதிக்கு வெளியே அவரை விட்டுவிட்டு ஒருவர் குடும்ப விருந்தில் அமர முடியாது. அவரையும் அழைத்து வருவதே முறை, இடம் கொடுப்பது பெற்றோரின் கடமை. விடுமுறை முழுக்கக் கடையிலோ கிடங்கிலோ வேலை செய்து கட்டணத்துக்குப் பணம் சேர்க்கிற மாணவரிடம் நாட்களைக் கேட்பவர்கள், கேட்கும் முன் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இவை தவிர்த்த பொதுவான நிலையில் தீர்ப்பு இதுதான். மணத்துக்கு முந்தைய கடைசிக் குளிர்கால விடுமுறையின் நாட்களில் பெரும்பகுதி பிறந்த வீட்டுக்கே உரியது. மணக்கப்போகிறவருக்கு இனி வரும் எல்லா நாட்களும் இருக்கின்றன. பெற்றோருக்கு இப்படிப்பட்ட நாட்கள் இனி இல்லை. இந்தத் தீர்ப்பை மணக்கப்போகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவர் சம்மதத்தோடு செய்தால்தான் அது அறமாகும். பிள்ளைகளே, தேர்வு முடிந்து பயணச் சீட்டு எடுக்கும் முன்பே, எங்கே எத்தனை நாள், ஏன் என்பதை எல்லாரிடமும் ஒரே மாதிரி சொல்லிவிடுங்கள். பெற்றோரே, கிடைக்கும் நாட்களை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டு, பிள்ளையை மனமார அனுப்பிவையுங்கள்.