நோயும் நூலும்

நோயுற்ற உடலால் ஆகும் அறம் யாது? இவ்வினாவை நூல்களில் படித்து விடை கூறிக்கொண்ட காலம் நமக்கு ஒன்று உண்டு. மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நம்மையே கேட்டுக்கொண்ட காலம் வேறு. முடக்குவாதம் என்று நம் நோய்க்குப் பெயர் சொல்லப்பட்டு இது பதினோராம் ஆண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளின் உட்சவ்வைப் பகையென மயங்கித் தாக்குவதால் இந்நோய் விளைகிறது என்பர் மருத்துவர். சில காலம் அடங்கியிருக்கும், பின் சீறும். காலையில் விரல்கள் மடங்க மறுக்கும். அவ்விறுக்கம் தளர ஒரு மணி நேரத்திற்கு மேலும் ஆவதுண்டு.

இந்நோய் நம்மிடமிருந்து முதலில் பறித்தவை விரதங்களே. வலிக்கான மாத்திரையை வெறும் வயிற்றில் உட்கொள்ளலாகாது என்பதால் அட்டமி, சதுர்த்தசி உபவாசங்கள் நின்றன. தரையில் அமர்ந்து சாமாயிகம் செய்ய இயலாமல் நாற்காலியை நாடினோம். பொன்னூர் மலையேறிக் குந்தகுந்தர் திருவடிகளை வணங்கியது பழங்கதையாயிற்று. இரவுண்ணாமை ஒன்று மட்டும் தங்கியது. மாத்திரைகளைப் பகலுக்கு மாற்ற இயலுமா என்று மருத்துவரைக் கேட்டோம். அவரும் மனமுவந்து மாற்றித் தந்தார். (கேளாமலேயே விரதத்தைக் கைவிட்டவரும், விரதத்தின் பெயரால் மருந்தைக் கைவிட்டவரும் நம்மிடையே உளர். இரு சாராரும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.)

அந்நாட்களில் நமக்குத் துணையாக நின்றது சமந்தபத்திர சுவாமிகளின் வரலாறு. காஞ்சியோடு தொடர்புடையவராக மரபு போற்றும் அம்முனிவரைப் பஸ்மகம் என்னும் நோய் பற்றியது. எவ்வளவு உண்டாலும் அடங்காப் பசி. துறவு நெறியில் நின்று அதனைத் தணிக்க வழியில்லை. ஆதலின் சல்லேகனை ஏற்க ஆசிரியரிடம் விடை வேண்டினார். ஆசிரியரோ மறுத்தார். துறவுக் கோலத்தைச் சிறிது காலம் நீக்கியேனும் நோயைத் தீர்த்துக்கொள்க, உம்மால் அறத்திற்கு ஆக வேண்டியவை பல உள என்று பணித்தார் என்பது மரபு. இல்லறத்தார்க்கு ஒழுக்கம் வகுத்த இரத்தினகரண்ட சிராவகாசாரம் அம்முனிவர் அருளியது. நம் அருங்கலச்செப்பு அதன் வழிப்பட்டது.

மருந்துண்பது தவத்திற்கு இழுக்கன்று என்பதை இவ்வரலாற்றினின்று கற்றோம். அத்துடன் பிழையான பாடம் ஒன்றையும் கற்றுக்கொண்டோம். ‘ஆக வேண்டியவை உள’ என்பதை மட்டும் இறுகப் பற்றி, நோயாளி ஏதேனும் செய்து காட்டினாலன்றி அவர் வாழ்வுக்குப் பொருளில்லை என்று எண்ணத் தொடங்கினோம்.

சென்ற ஆண்டு சுருத பஞ்சமியன்று அவ்வெண்ணம் ஓர் உருப்பெற்றது. தரசேனாசாரியரிடம் பயின்ற புட்பதந்தரும் பூதபலியும் ஷட்கண்டாகமத்தை ஏட்டில் ஏற்றி நிறைவு செய்த நாள் என நாம் கொண்டாடும் நாள் அது. வீட்டிலுள்ள நூல்களை எடுத்துத் தூசு தட்டிப் புதுத் துணியில் பொதிவது வழக்கம். நம் இல்லத்தில் இருபத்து நான்கு நூல்கள் இருந்தன. நூலுக்கு ஓர் உறையாக, ஓராண்டிற்குள் இருபத்து நான்கு உறைகள் தைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தீர்த்தங்கரரின் இலாஞ்சனத்தைப் பூத்தையலாக இடுவது என்று உறுதி பூண்டோம். அன்பர் ஒருவர் பட்டு நூல் கொணர்ந்து தந்தார். உள்ளிருக்கும் உயிரோடு கூட்டைக் கொதிநீரில் இட்டு எடுக்கும் நூலால் அருகன் நூலுக்கு உறையா என்று அன்புடன் திருப்பிக் கொடுத்தோம். வேட்டித் துணியும் பருத்தி நூலும் போதுமானவையாக இருந்தன.

கைக்கேற்ற வழிகளைக் கண்டறிவதிலேயே முதல் மாதம் கழிந்தது. மெல்லிய ஊசி விரலில் நில்லாது. தடித்த ஊசி வாங்கினோம். துணியில் சிக்கிய ஊசியைப் பிடித்திழுக்கப் பழைய மிதிவண்டி டியூபில் வெட்டிய சிறு துண்டு உதவியது. வளையத்தை மேசை விளிம்பில் இறுக்கிப் பொருத்தியதால் இடக்கைக்கு ஓய்வு. ஆறு இழை நூலை இரண்டிரண்டாகப் பிரித்துத் தருவது பேத்தியின் வேலை. மெதோட்ரெக்சேட் என்னும் மாத்திரை நமக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டுமே (இதனை மறந்து நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஊறு). அதற்கு மறுநாள் குமட்டலும் அயர்ச்சியும் மிகும், அன்று ஊசியைத் தொடுவதில்லை. ஏனைய நாட்களில் இரண்டு நாழிகை, அதாவது நாற்பத்தெட்டு நிமிடம். ஒரு சாமாயிகத்தின் அளவே தையலுக்கும் அளவென வைத்துக்கொண்டோம்.

வலி குறைந்ததா எனின், இல்லை. ஆயினும் வலியையே இடைவிடாது எண்ணிக் குமைதல் ஆர்த்தத் தியானத்தின் நால்வகையுள் ஒன்று என ஆன்றோர் கூறியதன் பொருள் அப்பொழுதுதான் விளங்கிற்று. காம்புத் தையலில் ஒவ்வொரு தையலும் முந்தையதன் பாதியில் வந்து சேர வேண்டும். அதனைக் கவனிக்கும் மனம் அந்நேரத்தில் வேறொன்றையும் எண்ணுவதில்லை. இடபம், யானை, குதிரை, குரங்கு என ஒன்றன்பின் ஒன்றாக முடிந்தன. தை மாதத்திற்குள் தருமநாதரின் வச்சிரம் வரை பதினைந்து உறைகள். காண வந்தவர்கள் வியந்தனர். அவ்வியப்பு நமக்கு இனித்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

பதினாறாவது சாந்திநாதரின் மான். உடலும் தலையும் முன்னங்கால்களும் முடிந்த நிலையில் நோய் சீறியது. மணிக்கட்டு வீங்கி, நீர்க் குவளையையும் தூக்க இயலவில்லை. மருத்துவர் மருந்தைக் கூட்டினார். பின்னங்கால்கள் இல்லாத மான் வளையத்திலேயே இரண்டு மாதம் கிடந்தது.

அந்நாட்களில் உறவினர் ஒருவர் வந்து, எல்லாம் முன்வினை என்றார். அசாதா வேதனீயம் உதயமாகிறது என்று நாமே நினைத்துப் பொறுத்தல் ஞானம். அதனையே பிறர் நம் கட்டிலருகில் நின்று சொன்னால் அது ஞானமன்று, இரக்கமின்மை. இது நிற்க. நம் உள்ளத்தை அவர் சொல்லைவிட மிகுதியாகக் கலக்கியது வேறொன்று.

“நான் முடித்து வைக்கட்டுமா அத்தை?” என்று மருமகள் கேட்டாள். வேண்டாம் என்றோம். மறுநாள் பேத்தி கேட்டாள். அவளிடம் சற்றுக் கடுமையாகவே வேண்டாம் என்றோம். அவள் முகம் வாடி வெளியேறியதும், ஏன் மறுத்தோம் என்று எண்ணிப் பார்த்தோம். நூல்களுக்கு உறை வேண்டும் என்பதே நோக்கமாயின், யார் கை தைத்தால் என்ன? அருகனுக்கென்று தொடங்கிய பணி நம் பெயருக்கான பணியாக எப்பொழுது மாறிற்று என்று நமக்கே தெரியவில்லை. உபவாசம் போனது, மலையேற்றம் போனது. மானம் என்னும் கஷாயம் மட்டும் நோயிலும் நன்கு உண்டு வளர்ந்திருந்தது.

அகத்தவம் ஆறனுள் வையாவிருத்தியம் ஒன்று. துறவியர்க்கும் நோயுற்றோர்க்கும் செய்யும் தொண்டினைத் தவமென்றே வைத்தனர் முன்னோர். அது தொண்டு செய்வோரின் தவம் என்றே இதுகாறும் கருதியிருந்தோம். ஏற்பவர் கையை மூடிக்கொண்டால் அத்தவம் எங்ஙனம் நிகழும்? சமந்தபத்திரர் வரலாற்றிலும் நாம் காணத் தவறியது இதுவே. அவர் நூல் இயற்றியது பின்னர். முதலில் அவர் செய்தது, தாம் விரும்பிய முடிவை விட்டு, ஆசிரியர் சொல்லுக்கு இணங்கியது. துறவுக் கோலத்தை இழக்க இசைந்த அப்பெரியார் எங்கே, ஒரு மானின் இரு கால்களை விட்டுத்தர மாட்டாத நாம் எங்கே!

அன்று மாலையே பேத்தியை அழைத்து வளையத்தைக் கொடுத்தோம். காம்புத் தையல் அவளுக்கு வரவில்லை, ஓடுதையலில் முடித்தாள். நூலின் நிறமும் ஒரு சாயல் வேறு. மருமகளும் அண்டை வீட்டுச் சகோதரியும் சேர்ந்துகொண்டனர். பங்குனியில் நம் கை ஓரளவு தேறியது; நூல் பிரித்துத் தரும் வேலை நம்மிடம் வந்து சேர்ந்தது.

இவ்வாண்டு சுருத பஞ்சமியன்று இருபத்தொரு நூல்கள் புதிய உறையிலும் மூன்று பழைய உறையிலும் இருந்தன. மானுள்ள உறையில் அருங்கலச்செப்பை வைத்தோம். சங்கும் பாம்பும் சிங்கமும் இன்னும் எஞ்சியுள்ளன. சிங்கத்தின் பிடரிக்குச் சங்கிலித் தையல்தான் பொருந்தும் என்கிறோம். முடிச்சுத் தையல்தான் போடுவேன் என்கிறாள் பேத்தி.