மெழுகு பூசிய சொல்

‘சின்சியர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நம் மறையுரைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் விளக்கம் ஒன்றுண்டு. பண்டைய உரோமையில் விரிசல் விட்ட கலங்களை மெழுகால் அடைத்து விற்றனராம். நேர்மையான வணிகரோ தம் கலங்களைச் ‘சினே சேரா’, அதாவது ‘மெழுகின்றி’, எனச் சொல்லி விற்றனராம். அதிலிருந்தே இச்சொல் பிறந்ததாம்.

பீங்கானுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தை அடுத்த நல்லூரில், மறைக்கல்வி வகுப்பொன்றில் நானும் இதைச் சுவைபடக் கூறினேன். சூளையில் வேலை செய்பவரின் மகன் ஒருவன் எழுந்து, “ஐயா, விரலால் தட்டினாலே விரிசல் தெரிந்துவிடுமே! மெழுகு வைத்தால் ஓசை மாறிவிடுமா?” என்றான். என்னிடம் மறுமொழி இல்லை.

வீடு திரும்பி நூல்களைப் புரட்டினேன். ஆக்ஸ்போர்டு பேரகராதி மெழுகுக் கதையை ஏற்கவில்லை. இலத்தீனில் ‘சின்செருஸ்’ என்றால் தூயது, கலப்பற்றது என்பதே பொருள். ‘ஒன்று’ என்னும் வேரும் ‘வளர்தல்’ என்னும் வேரும் இணைந்து அது உருவாகியிருக்கலாம் என்பர். 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் புகுந்தது. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 5-ஆம் அதிகாரத்தில், பழைய புளிப்பு மாவை விலக்கச் சொல்லுமிடத்தே, இலத்தீன் விவிலியம் ஆள்வது இச்சொல்லின் வழிவந்த சொல்லையே. புளிப்பற்ற அப்பம் கைவசம் இருக்க, மெழுகைத் தேடிப் போனோமே!

கதை பொய்யாயினும் நீதி மெய்தானே எனச் சிலர் கேட்கலாம். உவமைக்கு அவ்வுரிமை உண்டு. ஊதாரி மைந்தன் எவ்வூரினன் என எவரும் வினவுவதில்லை. ஆனால் உவமை தன்னை வரலாறு என்று சொல்லிக்கொள்வதில்லை. சொற்பிறப்பு விளக்கமோ, நடந்தது இதுவே எனச் சான்று பகர்கிறது. கள்ளமின்மையைக் கற்பிக்கவே நான் ஒரு விரிசலை மெழுகால் அடைத்திருந்தேன். விருத்தாசலம் வட்டாரத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், 1732-இல் சதுரகராதியையும் தொகுத்தார். சொற்களின் பொருளைப் பொறுமையுடன் தேடுவதைத் தம் துறவுப் பணிக்குப் புறம்பானதாக அவர் கருதவில்லை.

அடுத்த ஞாயிறு வகுப்பில், முன்பு கூறியது தவறு எனச் சொல்லித் திருத்தினேன். அந்தச் சிறுவன் தலையசைத்தான். முன்வரிசையில் இருந்த சிறுமி மட்டும் முகம் வாடி, “அந்தக் கதைதான் நன்றாக இருந்தது, ஐயா” என்றாள்.